ஒக்டாவியா ஆர்.எஸ் கொம்பி: பல வருட ஓட்டமும் ஓயாத ஓர் இரைச்சலும்

சூரிச்சில் இருக்கும் சித்தியின் மகன் போன கிழமை ஒரு கார் விளம்பரத்தை அனுப்பிவிட்டு, "அண்ணை, இதை எடுக்கலாமோ? உங்கட கார்தானே இதுவும்?" என்று கேட்டிருந்தான். 2016ஆம் ஆண்டு ஸ்கோடா ஒக்டாவியா கொம்பி (கூரை பின்வரைக்கும் நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் வகை) ஆர்.எஸ். டீசல், நான்கு சக்கர இயக்கம், 184 குதிரைவலு. என்னிடம் இருப்பதும் அதே ஆண்டு, அதே எஞ்சின், நிறம் மட்டும் வேறு. அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு முதல் நாள்தான் ரயர்க்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன், அதற்கு முதல் வேறொரு கராஜில் அதைவிடப் பெரிய காசைக் கொடுத்திருந்தேன். ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. எழுதத் தொடங்கியது நீண்டுகொண்டே போனது. இந்தக் காரை வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

சுவிஸில் இருப்பவர்களுக்கு ஒக்டாவியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2017இல் வொக்ஸ்வாகன் கோல்ஃபைப் பின்தள்ளி இந்த நாட்டில் அதிகம் விற்ற கார் அதுதான். எங்கள் ஆட்களின் கலியாண மண்டப வாசலிலும் கோவில் திருவிழாவிலும் ஒக்டாவியா கொம்பி நிற்காத நாள் இல்லை. ஆர்.எஸ் அதன் வேகமான பதிப்பு. 2000ஆம் ஆண்டு 180 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சினோடு தொடங்கிய வரிசை அது, என்னுடையது மூன்றாம் தலைமுறை. சாதாரண ஒக்டாவியாவைவிட ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு தாழ்வு, இறுக்கமான ஸ்பிறிங், 18 அங்குலச் சக்கரம், பக்கங்களில் தாங்கிப் பிடிக்கும் முன்சீற். மற்றதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும்.

முதலில் அந்த இரைச்சலைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்ற எதையும் என்னால் நிதானமாக எழுத முடியாது.

காரை ஒரு சுவிஸ்காரரிடம் இரண்டாம் கையாக வாங்கினேன். கோடைக்கு 18 அங்குலத்தில் பக்கச்சுவர் மெல்லிய 225/40 ரயர், குளிர்காலத்துக்கு 17 அங்குலத்தில் கொஞ்சம் தடித்த 225/45 ரயர் என்று நான்கு நான்காக இரண்டு சோடிச் சக்கரங்களும் சேர்த்தே தந்தார். கோடை ரயர் புதிது. முதல் கோடையில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வசந்தத்தில் கோடைச் சக்கரத்தைப் போட்டு ஓடத் தொடங்கியபோது பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் விமானம் ஒன்று போய்க்கொண்டே இருப்பதுபோல, விட்டு விட்டு, ஊங், ஊங், ஊங் என்று. எழுபதில் தொடங்கும், தொண்ணூறில் உச்சத்துக்கு வரும். 120ஐத் தொடும்போது காற்றின் சத்தத்துக்குள் கொஞ்சம் அமுங்கும். சுவிஸில் ஊருக்கு வெளியே வேக எல்லை 80. அதாவது, இந்த நாட்டில் ஒருவன் ஒழுங்காகக் கார் ஓட்டினால் நாள் முழுவதும் எந்த வேகத்தில் ஓடுவானோ, சரியாக அந்த வேகத்தில்தான் இந்த இரைச்சல் முழு உயிரோடு இருக்கும்.

கொம்பியில் இது இன்னும் மோசம். டிக்கிக்கும் சீற்றுக்கும் நடுவே மூடிய தடுப்பு கிடையாது. பின்சக்கரத்தின் சத்தம் டிக்கித் தரையில் ஏறி, கூரையில் பட்டு, நேரே காதுக்கு வரும். பின்சீற்றில் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவி, "ரயர் சத்தம்தானே, எல்லாக் காருக்கும் இருக்கும்" என்றார். எனக்கோ அது ஒருமுறை காதில் விழுந்த பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. ரேடியோவைக் கூட்டினால் ரேடியோவுக்கு அடியில் கேட்டது. முன்கண்ணாடிக்குக் கீழே இருந்து எஞ்சின் உறுமலைப் போலி பண்ணித் தரும் ஒரு கருவி இந்தக் காரில் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து இரைகிறது என்று கண்டுபிடிப்பதற்காக அதையும் நிறுத்தி வைத்தேன். பிறகு அதைத் திரும்பப் போடவே இல்லை, டீசல் எஞ்சினுக்கு அந்த வேடம் பொருந்தவுமில்லை.

பேர்ணுக்குப் பக்கத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் கோப்பியெல்லாம் தருவார்கள். ஓடிப் பார்த்துவிட்டு, "பின்சக்கரப் பெயாரிங்" என்றார்கள். நான் இரண்டு விடயம் சொன்னேன். ஒன்று, பெயாரிங் போயிருந்தால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடிக் குறைய வேண்டும், இது வளைவிலும் நேர்ப்பாதையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. இரண்டாவது, குளிர்காலம் முழுவதும் இந்தச் சத்தம் இல்லை. பெயாரிங் காரோடு இருக்கிறது, குளிர்காலத்தில் அது எங்கும் போய்விடவில்லை. மாறியது சக்கரம் மட்டும். குளிர்காலச் சக்கரம் உங்கள் களஞ்சியத்தில்தானே இருக்கிறது, அதை மாட்டி ஒருமுறை ஓடிப் பாருங்கள் என்று கேட்டேன். "குளிர்கால ரயர் மென்மையானது, அது சத்தத்தை மறைத்துவிடும்" என்று பதில் வந்தது. இடது பெயாரிங்கை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. வலதையும் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினார்கள். மொத்தம் ஆயிரம் பிராங்கைத் தாண்டியது. திரும்பி வரும் வழியில் தொண்ணூறைத் தொட்டதும் அதே ஊங், ஊங்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. காசு ஒரு பக்கம். சக்கரத்தை மாற்றிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். வாடிக்கையாளர் அறிகுறியைத் தெளிவாகச் சொல்லிய பிறகும் அந்த அரை மணித்தியாலத்தைச் செலவழிக்க ஒரு பெரிய கராஜுக்கு மனம் வரவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இப்படி நடக்கிறார்களோ என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சுவிஸ்காரருக்கும் அதே இடத்தில் அதே மாதிரிக் கதை ஒன்று நடந்தது.

கடைசியில் விடை கிடைத்தது தூன் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரயர்ப் பட்டறையில். வயதான மனிதர். ஓடிப் பார்க்கவே இல்லை. காரை உயர்த்தினார், பின்சக்கரத்தின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னோக்கி ஒருமுறை தடவினார், பிறகு பின்னோக்கி. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஒரு திசையில் தடவும்போது வழுவழுவென்று போனது. மற்றத் திசையில் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையின் விளிம்பும் விரல் நுனியில் தட்டித் தட்டி நின்றது. வெளிப்பக்கத்தைத் தொட்டால் இரண்டு திசையிலும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் ரயர் நல்ல ரயர், பள்ளம் இன்னும் ஐந்து மில்லிமீற்றர் இருந்தது. கை வைத்தால்தான் உண்மை தெரிந்தது.

வாள்பல் தேய்மானம் என்று இதைச் சொல்கிறார்கள். ரயரின் கட்டைகள் சீராகத் தேயாமல், ஒவ்வொரு கட்டையிலும் ஒரு விளிம்பு கரைந்து மறு விளிம்பு உயர்ந்து நிற்கும். உயர்ந்து நிற்கும் விளிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் அறைவதுதான் அந்த இரைச்சல். இழுக்கும் வேலை பெரும்பாலும் முன்சக்கரத்துக்குத்தான் என்பதால் அங்கே கட்டைகள் ஓரளவு சீராகத் தேய்ந்துவிடும். பின்சக்கரம் சும்மா உருண்டுகொண்டு வரும், அதனால் இந்த வருத்தம் அங்கேதான் வரும். ஆர்.எஸ் தாழ்ந்த கார், பின்சக்கரங்கள் மேல்விளிம்பில் கொஞ்சம் உள்ளே சாய்ந்தும், முன்பக்கம் சற்று உள்நோக்கியும் நிற்கும்படி வைத்திருப்பார்கள். வளைவில் நிலையாக நிற்பதற்கான ஏற்பாடு அது. இதன் விலையை உள்விளிம்பு கட்டுகிறது. டிக்கி வெறுமையாக இருக்கும் நாட்களில், பின்பக்கம் பாரமே இல்லாத கொம்பியில், இன்னும் வேகமாகக் கட்டுகிறது. கட்டை பெரிதாக இருக்கும் ரயரில் இன்னும் மோசம்.

அப்புறம் அவர் செய்தது மிகச் சின்ன வேலை. பின்சக்கரங்களை முன்னே கொண்டுவந்தார். என்னுடைய ரயர் சுழற்சித் திசை குறிக்கப்படாத வகை என்பதால் இடம் வலமும் மாற்றி, குறுக்காகப் போட்டார். இப்போது அதே கட்டை எதிர்த்திசையில் உருளும், முன்சக்கரம் இழுக்கும்போது உயர்ந்த விளிம்பு மெல்ல மெல்லச் சமமாகும். சக்கரக் கோணங்களை அளந்தார். பின்பக்கம் உள்நோக்கிய கோணம் அனுமதித்த எல்லைக்குள்தான், ஆனால் எல்லையின் ஓரத்தில். அதை நடுவுக்குக் கொண்டுவந்தார். காற்றை 0.2 பார் கூட வைக்கச் சொன்னார். முதல் சில ஆயிரம் கிலோமீற்றர் சத்தம் முன்பக்கம் இருந்து வரும், பொறுத்துக்கொள் என்றார். அப்படியே வந்தது, அப்படியே குறைந்தது. ஆனால் முற்றாகப் போகவில்லை. அந்த ரயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போட்டதுதான் மேலே சொன்ன போன கிழமைச் செலவு.

ரயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் 2012 முதல் ரயரில் ஒட்டிவரும் சீட்டில் சத்தத்தை டெசிபலில் போட்டிருக்கும். அது காருக்கு வெளியே, தெரு ஓரத்தில் வைத்த ஒலிவாங்கியில், ரயர் புதிதாக இருக்கும்போது அளந்தது. உள்ளே இருப்பவனுக்கு என்ன கேட்கும், இரண்டாவது கோடையில் என்ன கேட்கும் என்பதை அந்த எண் சொல்லாது. நான் இப்போது பார்ப்பது ரயரின் ஓரத்தில் இருக்கும் தோள்பகுதிக் கட்டைகள் ஒன்றோடொன்று ரப்பர்ப் பாலத்தால் இணைந்திருக்கிறதா என்பதை. தனித்தனியாக நிற்கும் கட்டை ஆடும், ஆடினால் கோணலாகத் தேயும்.

சரி, இனி நியாயமாகப் பேச வேண்டும். இத்தனை வருடமும் இந்தக் காரை ஏன் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 380 நியூட்டன் மீற்றர் இழுவை நிமிடத்துக்கு 1750 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும். குடும்பம், சாமான், கூரையில் பெட்டி என்று ஏற்றிக்கொண்டு மலை ஏறினாலும் கார் மூச்சு வாங்காது. ஓடோமீற்றர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது, எஞ்சின் இன்னும் எண்ணெய் கேட்பதில்லை. நெடுந்தூரத்தில் நூறு கிலோமீற்றருக்கு ஆறு லீற்றர் அளவில் நிற்கும். சுவிஸில் பெற்றோலைவிட டீசல் விலை கூட, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் ஸ்போர்ட் கார் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. 2013இல் வந்த சட்டத்தின்படி, 80 எல்லையில் 140ஐத் தொட்டால் அது வெறும் தண்டப்பணம் அல்ல, குற்றவியல் வழக்கு, காரையே பறிக்கலாம். ஆனால் சுஸ்டன் கணவாய்க்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்னெற்கிர்ஷனிலிருந்து ஏறி வாசன் பக்கம் இறங்கும் அந்தப் பாதை 2200 மீற்றருக்கு மேல் போகும். அங்கே எண்பதையே தொடமாட்டீர்கள். கொண்டையூசி வளைவுக்குள் இரண்டாம் கியரில் புகுந்து, பாதி வளைவில் அக்ஸிலரேற்றரை மெல்ல அழுத்தினால், முன்சக்கரம் வெளியே ஓடப் பார்க்கும் அந்தக் கணத்தில் பின்சக்கரத்துக்கு வலு போவது இடுப்பில் தெரியும். பின்அச்சில் இருக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் செய்யும் வேலை அது. கார் தன்னைத்தானே வளைவுக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் கிடைக்கும் சந்தோஷம் இது, எந்தச் சட்டத்தையும் மீறத் தேவையில்லை. பிள்ளைகள் வாந்தி எடுக்காத அளவுக்கு ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பனியில் அதே ஹால்டெக்ஸ் வேறு மாதிரி உதவும். எங்கள் வீட்டுப் பாதை செங்குத்து. உப்புப் போடும் வண்டி வர முன்னமே வேலைக்குப் போக வேண்டியவன் நான். நல்ல குளிர்கால ரயரோடு இந்தக் கார் அந்தப் பாதையில் ஒருமுறைகூட நின்றதில்லை. ஒரு குறிப்பு: ஹால்டெக்ஸ் எண்ணெயை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றும்போது அதன் சின்னப் பம்பைக் கழற்றி, வடிகட்டி வலையையும் துப்புரவாக்கச் சொல்லுங்கள், கிளட்சிலிருந்து வரும் தூள் அங்கேதான் அடையும். கியர்பொக்ஸ் எண்ணெய் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. இரண்டாம் கைக் காரில் இந்த இரண்டு வேலையின் பற்றுச்சீட்டும் இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி டிக்கி. பட்டியலில் 610 லீற்றர், பின்சீற்றை மடித்தால் 1740 என்று இருக்கும். அந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது டிக்கி வாசல் தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பது. தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்குச் சோற்றுக் கிடாரம் கொண்டுபோக வேண்டும் என்றால் எங்கள் பகுதியில் எனக்குத்தான் தொலைபேசி வரும். சுடச்சுட இருக்கும் கிடாரத்தை இரண்டு பேர் காதில் பிடித்துத் தூக்கி வரும்போது, உயரமான எஸ்.யூ.வி என்றால் நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி உள்ளே சரிக்க வேண்டும். இதில் முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கினால் போதும், அப்படியே தள்ளிவிடலாம். தரைவிரிப்பைப் புரட்டிப் போட்டால் மறுபக்கம் ரப்பர். கறி சிந்தினாலும் துடைத்தால் சரி. பக்கத்துக் கொக்கிகளில் வாழையிலைக் கட்டும் மரக்கறிப் பையும் தொங்கும், வளைவில் உருளாது. எரிபொருள் மூடிக்குள் செருகி வைத்திருக்கும் பனி சுரண்டியை வாங்கிய புதிதில் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். கையுறையோடு இருட்டில் தேடத் தேவையில்லாமல் எப்போதும் ஒரே இடத்தில் ஒன்று இருப்பதன் அருமை முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் இந்தக் காரை நான் உண்மையில் விரும்பத் தொடங்கியது ஹம் போகும் வழியில். ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த் திருவிழாவுக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் போகிறோம். 2002இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோவிலுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் எங்கள் சனம் திரளும். பாசலில் எல்லையைத் தாண்டினால் அறுநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒஃபன்பூர்க் வரைக்கும் இரண்டே பாதை, ஒரு பாதை முழுக்க லொறி. அதைத் தாண்டி மூன்று பாதையாக விரிந்து, வேக எல்லை இல்லாத துண்டுகள் வரும்போது, இந்தக் கார் ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று விளங்கும். 170இல் ஸ்டியரிங் கையில் அசையாமல் இருக்கும். மாமா முன்சீற்றில் உறங்கிக்கொண்டு வருவார். டிக்கியில் அர்ச்சனைச் சாமான், பிள்ளைகளின் பட்டுடுப்பு, மாமியின் பலகாரப் பெட்டி, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். 2021 டிசம்பரில் லூடன்ஷைட் பக்கத்து ராமெட பாலத்தை மூடி, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள் அல்லவா, அந்த நாட்களில் ஹம் பக்கம் போகும் ஏ45 நெடுஞ்சாலை நடுவில் அறுந்து, கொலோன் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டி வந்தது. அந்தச் சுற்றுக்குப் பிறகும் இறங்கி நேரே கோவில் வரிசையில் நிற்க முடிந்தது என்றால் அந்த முன்சீற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பாரம் நிறைய இருக்கும்போது பின்பக்கம் துள்ளுவதும் இல்லை, இரைச்சலும் குறைவு. இது ஆளும் சாமானுமாக நிறைத்து ஓட்டவேண்டிய கார். வெறுமையாக வேலைக்குப் போய் வந்தால்தான் அதன் குறைகள் வெளியே வருகின்றன.

அப்படியானால் அந்த 18 அங்குலச் சக்கரம் யாருக்காக என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் 17 அங்குலத்தைப் போட்டவுடன் கார் வேறு காராகிவிடுகிறது. தண்டவாளத்தைக் கடக்கும்போது மாமாவின் முதுகுக்கு அடி விழுவதில்லை. வளைவில் துல்லியம் ஒரு நூலளவு குறையும், அவ்வளவுதான். ஸ்போர்ட் என்று எழுதிவிட்டால் சக்கரம் பெரிதாகவும் ரயர் மெல்லிதாகவும் இருக்க வேண்டும் என்று உலகமே முடிவுகட்டி வைத்திருக்கிறது. விற்பனை அறையின் வெளிச்சத்தில் அது அழகுதான். அந்த அழகுக்குப் பிறகு வருடக்கணக்காக விலை கொடுப்பது பின்சீற்றில் இருப்பவர்களின் முதுகும் ஓட்டுகிறவரின் காதும். போன கிழமை புதிய கோடை ரயர் போடும்போது 17 அங்குல றிம்மே இன்னொரு சோடி வாங்கி, அதிலேயே போட்டுவிட்டேன். ஆர்.எஸ்ஸுக்கு அது அழகில்லை என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஹம் வரைக்கும் பின்சீற்றில் வந்து பார்க்கட்டும்.

தம்பி கேட்டதற்கு வருகிறேன். 2024இல் தோற்றத்தைப் புதுப்பித்த முகமாற்றத்தோடு ஒக்டாவியா ஆர்.எஸ் வரிசையில் டீசலும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை, 265 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சின் முன்சக்கரத்தை ஓட்டுவது மட்டும்தான். ஆகவே இந்தச் சேர்க்கை இனிப் பழையதாகத்தான் கிடைக்கும், அதைத் தெரிந்துகொண்டுதான் விற்பவர்களும் விலை சொல்கிறார்கள். நீ சூரிச் நகரத்துக்குள் இருக்கிறாய், வேலைக்கு ட்ராமில் போகிறாய், வார இறுதியில் ஐக்கியாவுக்கும் கோவிலுக்கும் போகிறாய். உனக்கு 150 குதிரைவலு, 16 அங்குலச் சக்கரம் போட்ட சாதாரண ஒக்டாவியா கொம்பி நான்கு சக்கர இயக்கம் போதும். டிக்கி அதேதான், பனியில் ஏறுவது அதேதான், பின்சீற்று அதைவிடச் சொகுசு. விலையும் குறைவு, காப்புறுதியும் குறைவு. இவ்வளவு புகழ்ந்த பிறகு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, என்றாலும் சொல்கிறேன்: ஆர்.எஸ் உனக்கு வேண்டாம்.

என் பேச்சைக் கேட்காமல் போய்ப் பார்ப்பாய் என்றும் தெரியும். அப்படிப் போனால் விற்பவரிடம் இரண்டு சோடிச் சக்கரத்தையும் எடுத்து வைக்கச் சொல். கார் எந்தச் சோடியில் நிற்கிறதோ அதில் எண்பதுக்கும் நூறுக்கும் இடையில் ரேடியோ இல்லாமல் ஓடு. பின்சக்கர உள்விளிம்பை இரண்டு திசையிலும் தடவு. பெயாரிங் மாற்றிய பற்றுச்சீட்டு ஒன்று சேர்விஸ் புத்தகத்துக்குள் இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கட்டாயம் கேள். விலை பேசப் போகும்போது என்னையும் கூப்பிடு, சனிக்கிழமை என்றால் வருவேன்.